ஆடிட்டில் சொன்ன வார்த்தை

ஓசூரில் பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தக் கம்பெனியில் எத்தனை பாஷை புழங்கியது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தர்மபுரித் தமிழ், திருநெல்வேலித் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஒடிசாவிலிருந்து வந்த பையன்களின் ஹிந்தி. சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதில்கூட இவர்கள் ஒரே பேச்சு பேசியது கிடையாது. ஆனால் ஒரு வார்த்தையை மட்டும் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். லாரிக்கு அடியில் எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம் இருக்கிறதே, அதைச் "சேஸிஸ்" என்றார்கள். அந்தச் சட்டத்தில் மாட்டுகிற இரும்பு பிராக்கெட்டைத்தான் அங்கே ராத்திரி பகலாகச் செய்தார்கள். அதனால் அந்த வார்த்தை வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லார் வாயிலும் நாளைக்கு நூறு தடவையாவது வந்து போகும்.

மணிமேகலையும் எட்டு வருஷம் அப்படித்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை.

அவள் வேலை கடைசிச் சோதனை. வெல்டிங் முடிந்து வருகிற பிராக்கெட்டை எடுத்து, கண்ணால் பார்த்து, கட்டைவிரலை ஓட்டி, தேறியதை ஒரு பெட்டியிலும் தேறாததைச் சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். மயிரிழை விரிசலைக்கூட அவள் விரல் பிடித்துவிடும். அவள் சிவப்புப் பெட்டியில் போட்டதை எடுத்துப் போய் மெஷினில் வைத்துப் பார்த்து, "இல்ல, இது நல்லாத்தான் இருக்குது" என்று திருப்பிக்கொண்டு வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

ஆனாலும் அவள் கழுத்தில் தொங்கியது மஞ்சள் டேக். மஞ்சள் என்றால் காண்ட்ராக்ட், நீலம் என்றால் கம்பெனி ஆள். நீலத்துக்குக் கம்பெனி பஸ், மஞ்சளுக்குக் காண்ட்ராக்டரின் ஓட்டை வேன். அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்த "பிரேக்" இருக்கிறதே, அதுதான் அவளால் தாங்க முடியாதது. பதினோரு மாசம் முடிந்ததும் காண்ட்ராக்டர் பத்து நாள் வீட்டில் உட்காரச் சொல்வார். பதினோராம் நாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார். வருஷக் கணக்கு ஏறக்கூடாதாம், அதற்கு இந்தத் தந்திரம். எட்டு வருஷத்தில் மணிமேகலை ஒன்பது தடவை புதிதாகச் சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளோடு கேட்டில் வரிசையில் நின்று, போட்டோ எடுத்து, பயிற்சி அறையில் உட்கார்ந்து, ஒரே வீடியோவைப் பார்ப்பாள். "அக்கா, உங்களுக்கு இதான் மொத வேலையா?" என்று பக்கத்தில் உட்கார்ந்த குட்டி கேட்கும். மணிமேகலை திரையையே பார்ப்பாள்.

அந்த வீடியோவில்தான் சனி பிடித்தது. லாரிக் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய வீடியோ அது. ஒரு வெள்ளைக்காரர் லாரிக்கு அடியில் கையை நீட்டி நீட்டி விளக்குவார். மற்றவர்கள் அதை ஒரு தடவை பார்ப்பார்கள், அதுவும் பாதித் தூக்கத்தில். மணிமேகலை ஒன்பது தடவை பார்த்தாள். ஒன்பதாவது தடவை காதில் நன்றாக விழுந்தது. அந்த ஆள் "ஷாஸி" என்கிறார். முன்னால் சே இல்லை, பின்னால் அந்த ஸ்ஸும் இல்லை. சட்டத்தைக் காட்டும்போதெல்லாம் ஷாஸி, ஷாஸி என்றே சொல்கிறார்.

அவள் நேராகக் குவாலிட்டி மேனேஜர் ஆனந்தராஜிடம் போய்க் கேட்டாள். கோயம்புத்தூர்க்காரர், யாரையும் அதட்டாத மனுஷன்.

"சார், சேஸிஸ்னு சொல்றது தப்புங்களா?"

ஆனந்தராஜ் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஷாஸிங்கறதுதாம்மா சரி. எனக்கும் தெரியும். வந்த புதுசுல நானும் அப்படித்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சரி, ஊரோட ஒத்துப் போயிரலாம்னு விட்டுட்டனுங்க."

பெரிய படிப்புப் படித்த மனுஷன் இப்படிச் சொன்னதும் மணிமேகலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது சிரித்தாள்.

அடுத்த மாதம் ஆடிட் வந்தது. லாரிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, லைனில் நிற்கிறவர்களையே கேள்வி கேட்பார்கள். அதற்கு ரெண்டு வாரம் முன்னாலிருந்தே கம்பெனி கல்யாண வீடு மாதிரி அமர்க்களப்படும். தரைக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். உளறிவிடுவார்கள் என்று பயந்த ஆட்களை அன்றைக்கு மட்டும் கேன்டீன் பக்கம் ஒதுக்கிவிடுவார்கள். யார் பேச வேண்டுமோ அவர்களுக்குக் கேள்வியும் பதிலும் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடத்துக்குக் கொடுப்பார்கள். "வாட் ஆர் யூ டூயிங்?" "ஐ செக் த சேஸிஸ் பிராக்கெட், மேடம்." இந்தத் தடவை ஆனந்தராஜ் மணிமேகலையைத் தேர்ந்தெடுத்தார்.

"நல்லா பண்ணும்மா. இந்த ஆடிட் முடிஞ்சதும் ஒருத்தரைக் கம்பெனி ரோல்ல எடுக்கறாங்க. உன் பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன். ஷிப்ட் இன்சார்ஜ் கையெழுத்து மட்டும் வேணும்."

நீல டேக். பிரேக் கிடையாது. பத்தாவது தடவை அந்த வரிசையில் நிற்க வேண்டாம். "சரிங்க சார்" என்றாள் மணிமேகலை.

ஷிப்ட் இன்சார்ஜ் விஜயகுமார். நேரில் சார், அவள் மனசுக்குள் அவன். அவன் அப்பா நாராயணப்பன் நிலத்தில்தான் இப்போது கம்பெனி நிற்கிறது. நிலத்தைக் கொடுக்கும்போது மகனுக்கு ஒரு வேலை என்று எழுதி வாங்கிக்கொண்டார். அதே நிலத்தில் மணிமேகலையின் அம்மா வெங்கடம்மாள் இருபது வருஷம் தக்காளி பறித்தாள். அவள் குனிந்து பறித்த இடத்தில்தான் இப்போது மகள் நின்றுகொண்டு பிராக்கெட் பார்க்கிறாள். விஜயகுமார் ஓசூருக்கு வேனில் போய் இங்கிலீஷ் மீடியம் படித்தவன், அப்புறம் பாலிடெக்னிக். மணிமேகலை ஊர்ப் பள்ளிக்கூடம், பத்தாவதோடு சரி. லைனில் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன், இவளை மட்டும் "ஏ, வெங்கடம்மா பொண்ணு" என்பான்.

பேசப் போவது இவள் என்று தெரிந்ததும், "இவளா?" என்றான்.

வேனில் பக்கத்து ஸீட் ரேவதி. திருநெல்வேலிக்காரி, வாய் ஓயாது. ஆடிட்டில் ஷாஸி என்றே சொல்லப்போகிறேன் என்று மணிமேகலை அவளிடம் சொன்னாள்.

"என்னத்தட்டி சொல்லப்போற? ஷாஸியா? தீபாவளிப் பலகாரம் மாதிரில்லா இருக்கு! நல்லெண்ணெயில சுடுவியா, கடலெண்ணெயிலயா?"

"சிரிக்காதடி. அதான் சரியான வார்த்தை. ஆனந்தராஜ் சாரே சொன்னாரு."

"சரியா இருந்தா என்ன, தப்பா இருந்தா என்ன? அந்த விஜயகுமார் சேஸிஸ்னு சொல்லுதான். அவன் சொன்னதுக்கப்புறம் நீ வேற மாதிரி சொன்னா அவன் சும்மா இருப்பானாட்டி?"

ரேவதி எங்கிருந்தோ வந்தவள், அவளுக்குத் தெரிந்தது. இந்த மண்ணிலேயே பிறந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நாராயணப்பன் ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று அவள் அம்மா வாயைத் திறந்து சொல்லிக் கொடுத்ததில்லைதான். பார்த்தே பழகியதுதான் எல்லாம். அவர் புதன்கிழமையைச் செவ்வாய் என்றால் அன்றைக்கு வெங்கடம்மாளுக்கும் செவ்வாய். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது புதன் ஆகும். ஆனால் மணிமேகலை இது கம்பெனி என்று நினைத்துக்கொண்டாள். இங்கே மெஷின் இருக்கிறது, சீருடை இருக்கிறது, சுவரில் விதிமுறை எழுதி மாட்டியிருக்கிறது. சரி என்றால் இங்கே சரிதான் என்று நம்பினாள். பாவி, அந்த நம்பிக்கைதான் அவளைக் கவிழ்த்தது.

ஆடிட்டுக்கு வந்தது ஒரு அம்மாள். வடக்கத்தி ஆள், நரைத்த கிராப்பு, சிரித்த முகம். கூடவே ஆனந்தராஜ், விஜயகுமார், இன்னும் நாலைந்து பெரிய ஆட்கள். விஜயகுமார்தான் லைனை விளக்கினான். திஸ் சேஸிஸ் பிராக்கெட் மேடம், சேஸிஸ் லெஃப்ட் சைடு மேடம், சேஸிஸ் ரைட் சைடு மேடம். அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே வந்து மணிமேகலை முன்னால் நின்றாள். மணிமேகலைக்குக் கண்ணாடி, முகமூடி, தலையில் வலைத்தொப்பி, வெளியே தெரிந்தது கண் மட்டும்.

நீ என்ன செய்கிறாய் என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் கேட்டாள்.

"ஐ செக் த ஷாஸி பிராக்கெட், மேடம்."

தெளிவாக, நிறுத்தி, ஒரு பிசிறு இல்லாமல் சொன்னாள். அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். மணிமேகலை இன்னொரு தடவையும் சொன்னாள். விரிசல் கண்டால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு, சீட்டில் இல்லாத பதிலைத் தானே தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் சொல்லி, கட்டைவிரலை ஓட்டிக் காட்டினாள். அந்த அம்மாள் கை தட்டாத குறை. அப்படியே விஜயகுமார் பக்கம் திரும்பி, விளையாட்டாக, "மிஸ்டர் விஜயகுமார், நீங்கள் இந்தப் பெண்ணிடம் டியூஷன் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தராஜும் சிரித்தார். விஜயகுமார் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மணிமேகலை கையிலிருந்த பிராக்கெட்டின் மேல் குனிந்துகொண்டாள். நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான், யார் இல்லை என்றார்கள்? சொன்னவள் சாயங்காலம் பெங்களூரில் பிளேன் ஏறிப் போய்விட்டாள். இங்கே இருக்க வேண்டியவள் இவள் அல்லவா.

ஆடிட்டில் ஒரு குறைகூட இல்லை. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் விஜயகுமார் அவள் பேரை மாற்றினான். "ஏ ஷாஸி, இங்க வா." அன்றைக்கு மத்தியானமே லைன் முழுக்க ஷாஸி ஆகிவிட்டது. வெல்டிங் பையன்கள் ஷாஸிக்கா என்றார்கள். கேன்டீனில் சோறு போடுகிற ஆளுக்கு அந்த வார்த்தை எந்தப் பாஷை என்றே தெரியாது, அவனும் ஷாஸிம்மா என்றான். சரியாக உச்சரித்துத்தான் கூப்பிட்டார்கள், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு தடவை காதில் விழும்போதும் அவளுக்கு உடம்பு கூசியது.

பத்து நாள் கழித்து ஆனந்தராஜ் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார். கம்பெனி ரோலுக்கான படிவம். வேலைத் திறமை, நேரம் தவறாமை, எல்லாவற்றுக்கும் நேரே பத்துக்குப் பத்து, அவர் கையால் போட்டது. கீழே "நடத்தை" என்ற இடமும் இன்சார்ஜ் கையெழுத்துக்கான இடமும் காலி.

"ரெண்டு தடவை அனுப்பினேம்மா. போடாம திருப்பி அனுப்பறார். வெள்ளிக்கிழமைக்குள்ள போகலேன்னா வேற பேர் எழுதிருவாங்க."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்? சரியாச் சொல்லுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன். அவர் முன்னாடி சொல்லுன்னு நான் சொல்லலையேம்மா" என்றார் ஆனந்தராஜ். சொல்லிவிட்டு அவருக்கே அசிங்கமாக இருந்திருக்க வேண்டும், கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மணிமேகலை ஆத்திரத்தோடு வெளியே வந்தாள். நல்லவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நல்லவர் நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷன் முனிவேல் இல்லை, அவனும் ஒரு கம்பெனியில் மஞ்சள் டேக்தான், ஷிப்டுக்குப் போயிருந்தான். வாசலில் வெங்கடம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

"நாராயணப்பன் ஊட்டுக்குப் போய்ட்டுத்தான் வரேன்" என்றாள்.

"அங்க எதுக்குப் போன?"

"உன் பொண்ணு எங்க சின்னவரை நாலு பேரு எதிருல அவமானம் பண்ணிட்டான்னு ஊரெல்லாம் பேசிக்கினு கீறாங்க. கேட்டுக்கினு சும்மா இருக்க முடியுமா? போனேன். செருப்பை வாசல்லயே உட்டுட்டு நின்னேன். தப்புத்தான் சாமீ, மன்னிச்சுக்கோங்கன்னேன்."

"நான் என்னா தப்பு பண்ணேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமயே போய் மன்னிப்பு கேட்டியா? நான் ஒரு தப்பும் பண்ணலம்மா!"

"தப்பு பண்ணாத்தான் மன்னிப்பு கேக்கணுமா?" என்றாள் வெங்கடம்மாள். அவள் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. "சின்னவரு நல்லபடியாத்தான் பேசுனாரு. அவளை ஒண்ணும் பண்ண மாட்டேன், எல்லாரும் சொல்ற மாதிரி அவளும் சொல்லட்டும், எல்லாரு எதிருலயும் ஒரு தடவ சொல்லட்டும், கையெழுத்துப் போட்டுர்றேன்னாரு. ஏதோ வார்த்தையாமே. என்னா வார்த்தைடி அது?"

மணிமேகலை உள்ளே போகத் திரும்பினாள்.

"சொல்லிட்டுப் போயேன்டி. வாய் தேஞ்சா பூடும்?"

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அம்மாவிடம் கத்த வேண்டும்போல இருந்தது, கத்தினாள். பிறகு அழுதாள். பத்தாவது தடவை கேட்டில் நிற்பதை நினைத்தாள். போட்டோவுக்கு நேராகப் பார்க்கச் சொல்வார்கள். அந்த வீடியோ ஓடும். பக்கத்தில் ஒரு குட்டி உட்கார்ந்து முதல் வேலையா அக்கா என்று கேட்கும்.

வியாழக்கிழமை காலை மீட்டிங்கில் அறுபது பேர் வரிசையாக நின்றார்கள். தினமும் யாராவது ஒருவர் முன்னால் வந்து மைக்கில் உறுதிமொழி சொல்ல வேண்டும். விஜயகுமார் மைக்கை நீட்டினான்.

"இன்னைக்கு வெங்கடம்மா பொண்ணு வரட்டும். நாம இங்க என்னா செய்யுறோம்னு எல்லாருக்கும் சொல்லட்டும்."

மணிமேகலை போனாள். மைக்கை வாங்கினாள். "நாங்க சேஸிஸ் பிராக்கெட் செய்யுறோம்" என்றாள்.

"பின்னாடி கேக்கல."

"சேஸிஸ் பிராக்கெட் செய்யுறோம்."

"என்னா பிராக்கெட்டு?"

"சேஸிஸ் பிராக்கெட், சார்."

"ம். இப்ப வந்துது பாரு" என்று விஜயகுமார் கை தட்டினான். எல்லோரும் தட்டினார்கள். வரிசையில் ரேவதி மட்டும் தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணிமேகலைக்கு வாயெல்லாம் கசந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது தன் அம்மா மட்டும் இல்லை என்று நினைத்தாள்.

சாயங்காலம் கையெழுத்து ஆகிவிட்டது. நடத்தைக்கு நேரே "மிக நன்று" என்று எழுதியிருந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்று அவனைச் சொல்லத்தான் வேண்டும், சொல்லித் தொலைக்கலாம். அடுத்த மாதம் நீல டேக் வந்தது. ஷாஸி என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று, பழையபடி வெங்கடம்மா பொண்ணு. முனிவேல் கோழி வாங்கி வந்தான். வெங்கடம்மாள் அந்த டேக்கைத் தடவித் தடவிப் பார்த்து, "நான் சொன்னேன் இல்ல" என்றாள்.

பத்து மாதம் போயிற்று. மறுபடி ஆடிட். மறுபடி தரைக்குப் பெயிண்ட், மறுபடி மனப்பாடச் சீட்டு. கம்பெனி ரோலில் நன்றாகப் பார்க்கிறவள் என்று மணிமேகலையைத்தான் நிறுத்தினார்கள். வருவது அதே அம்மாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு ஒரே படபடப்பு. இப்போது நீல டேக், நினைத்தவுடன் தூக்கிவிட முடியாது. இன்றைக்குச் சொன்னால் என்ன? பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், சரியாகத்தான் வந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

அதே அம்மாள் வந்தாள். நரை கொஞ்சம் கூடியிருந்தது. பக்கத்தில் விஜயகுமார், ஆனந்தராஜ். போன தடவைபோலவே முகமூடிக்கும் வலைத்தொப்பிக்கும் நடுவே கண் மட்டும் தெரிய நின்ற மணிமேகலையிடம் அந்த அம்மாள் அதே கேள்வியைக் கேட்டாள். மணிமேகலை வாயைத் திறந்தாள். அந்த அம்மாளின் தோளுக்குப் பின்னால் விஜயகுமார் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐ செக் த சேஸிஸ் பிராக்கெட், மேடம்."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். ரெண்டு அடி நகர்ந்தவள் ஏதோ ஞாபகம் வந்தவளாக நின்று, விஜயகுமாரிடம் கேட்டாள். போன தடவை இதே இடத்தில் ஒரு பெண் இருந்தாளே, மஞ்சள் டேக், ரொம்பக் கெட்டிக்காரி, அழகாகப் பேசினாளே, அவள் எங்கே?

விஜயகுமார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஷி லெஃப்ட், மேடம். காண்ட்ராக்ட்."

அந்த அம்மாள் உச்சுக்கொட்டினாள். அப்படிப்பட்ட ஆளையா விட்டீர்கள் என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு மணிமேகலையைப் பார்த்து, உனக்கு அவளைத் தெரியுமா, எங்கே வேலைக்குப் போனாள் என்று தெரியுமா என்று இங்கிலீஷிலேயே, மெதுவாக, புரியும்படி கேட்டாள்.

மணிமேகலைக்கு நன்றாகப் புரிந்தது. ஆனந்தராஜைப் பார்த்தாள். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோ, மேடம்" என்றாள். "ஐ டோன்ட் நோ."

பரவாயில்லை என்று அந்த அம்மாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். விஜயகுமார் அடுத்த லைனுக்கு வழி காட்டினான், எல்லோரும் அவன் பின்னால் போனார்கள்.